சர் லூட்விக் குட்மான்

உலகத்தாரால் பெரியோரெனப் போற்றப்படுபவர் பலதிறத்தினர். நாடுகளை வென்று புகழ் பெற்றார் சிலர். நூல்களை யாத்துப் புகழ் பெற்றார் சிலர். இயற்கையின் மறைபொருள்களைக் கண்டறிந்து புகழ் பெற்றார் வேறு சிலர். இவர்களுள் எவ்வகையிலும் அடங்காது, பிறர் இனிப் பயனில்லை யென்று கைவிட்ட மக்களைத் தம் கையிலேற்று, அவர்களை மீண்டும் மக்களாக வாழச் செய்தவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவரது வரலாற்றையே நாம் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

கூடைப்பந்தாட்டம் நம் கல்லூரி மாணவர் யாவரும் நன்கறிந்ததே. 1891-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கலாசாலையிலே தோன்றிய இவ்விளையாட்டில், வளையம் தரையினின்றும் பத்தடி உயரத்தில் அமைந்திருக்கும். நெடிய காளையொருவன் முழங்காலை வளைத்துத் துள்ளியெழுந்து எறியினும் பந்து வளையத்தின் விளிம்பிற்பட்டு வெளியே வீழ்தலை நாம் நாடோறும் காண்கின்றோம். அவ்வாறாயின், இடுப்பின் கீழ் உணர்ச்சியும் அசைவும் அற்ற ஒருவன், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அதே பந்தை அதே பத்தடி உயரத்து வளையத்துட் செலுத்துவது எவ்வளவு அரியதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இன்று உலகின் பல நாடுகளிலும் ஆடவரும் மகளிரும் இவ்வாட்டத்தைத் திறம்பட ஆடி வருகின்றனர். இதனை மருத்துவச் சாலையினுட் புகுத்தி, நோயாளரை ஆட்டக்காரராக்கி, உலகப் பேரரங்கிற்குக் கொண்டு சென்றவர்களுள் தலைசிறந்தவர் டாக்டர் லூட்விக் குட்மான் ஆவர்.

இவர் 1899-ம் ஆண்டு ஜூலை மாதம் 3-ம் நாள், அக்காலத்தில் ஜெர்மன் பேரரசைச் சார்ந்திருந்ததும் இப்போது போலந்து நாட்டைச் சார்ந்ததுமான மேற்சைலீசியாவில், டோஸ்ட் என்னும் சிற்றூரில், யூத குடும்பமொன்றிற் பிறந்தார். இவர் குழந்தையாயிருந்த போதே பெற்றோர் நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த கோனிக்ஸ்ஹுட்டே நகரிற் குடியேறினர். 1917-ம் ஆண்டில், முதல் உலகப் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இவர் அந்நகரத்து விபத்து மருத்துவச் சாலையில் ஊழியம் செய்துவந்தார். அங்கே ஒரு நாள், சுரங்கத்தில் முதுகெலும்பு முறிந்த இளந்தொழிலாளி ஒருவனைக் கொணர்ந்தனர். அவன் உடல் திடமானது, வயது இளமையானது. ஆயினும் மருத்துவர் அவனைக் கண்டவுடன், இவன் சில வாரங்களில் இறப்பானென்று முடிவு செய்து, மேற்கொண்டு யாதும் செய்திலர். அவர் எண்ணியவாறே படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தாரையிற் பற்றிய நஞ்சும் அவனை வாட்ட, ஐந்து வாரங்களில் அவன் உயிர் நீத்தான். முறிவினால் அவன் மாளவில்லை. முறிந்தவனுக்கு ஒன்றும் செய்வதற்கில்லையென்னும் எண்ணத்தினாலேயே மாண்டான். இக்காட்சி பதினெட்டு வயதினரான குட்மானின் உள்ளத்திற் பதிந்து, அவரது ஆயுள் முழுவதும் அகலாது நின்றது.

பின்னர் அவர் பிரெஸ்லா, பிரைபுர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் வைத்தியக் கல்வி பயின்று, 1924-ம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். பிரெஸ்லாவில் நரம்பு வைத்தியத்திற் பேர்பெற்ற ஓட்பிரிட் பாயர்ஸ்டர் என்பவரிடம் உதவியாளராய் அமர்ந்து, நாளடைவில் அவருடைய முதல் உதவியாளராக உயர்ந்தார். உழைப்பும் நுண்ணறிவும் ஒருங்கு வாய்ந்த இவர், நரம்பு வைத்தியத்திலும் நரம்பு ரண சிகிச்சையிலும் ஜெர்மனியின் முன்னணி வைத்தியருள் ஒருவராக மதிக்கப் பெற்றார். ஆனால் 1933-ம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சி பீடமேறியதும், யூதர் பொது மருத்துவச் சாலைகளிற் பணியாற்றலாகாதென்னும் கட்டளை பிறந்தது. கற்ற கல்வியும் பெற்ற புகழும் ஒரே நாளில் செல்லாக் காசாயின. குட்மான் மனந்தளராது பிரெஸ்லாவிலிருந்த யூத மருத்துவச் சாலையிற் சேர்ந்து, 1937-ல் அதன் தலைமை வைத்தியராயினார்.

1938-ம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ம் நாள் இரவு ஜெர்மனியெங்கும் யூதருடைய ஆலயங்களுக்குத் தீ வைக்கப்பட்டது, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆடவர் ஆயிரக்கணக்கிற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அன்றிரவு மருத்துவச் சாலையின் வாயிலை நாடி வரும் எவரையும், நோய் யாதென்று வினவாது உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று குட்மான் தம் ஊழியர்க்குக் கட்டளையிட்டார். விடிந்ததும் இரகசியப் போலீசார் வந்து, ஓரிரவில் இத்துணைப் பேர் நோயுற்றது எவ்வாறென்று வினவினர். அவர் அவர்களை ஒவ்வொரு படுக்கைக்கும் அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயைக் கூறி நின்றார். சேர்ந்தவர் 64 பேர். அவருள் 60 பேர் சிறைக்குத் தப்பினர். ஒரு சொற் பிழைப்பினும் தம் உயிர்க்கே இறுதி நேருமென்பதை அவர் அறியாதவரல்லர்.

அடுத்த மாதத்தில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. போர்ச்சுகல் நாட்டின் தலைவர் சலசாரின் நண்பரொருவருக்குச் சிகிச்சை செய்யவேண்டி, தம்மால் இழிவுபடுத்தப்பட்ட இந்த யூத வைத்தியரையே ஜெர்மன் அரசாங்கத்தார் அனுப்ப நேர்ந்தது. திரும்பும் வழியில் அவர் லண்டனிற் றங்கியபோது, நாடிழந்த அறிஞர்க்கு உதவிவந்த சங்கமொன்று அவர் இங்கிலாந்திற் குடியேற வழி செய்தது. 1939-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், மனைவி எல்சாவுடனும் இரு குழந்தைகளுடனும் அவர் இங்கிலாந்தை யடைந்தார். ஆக்ஸ்போர்டில் இடம் கிடைத்தது; ஆராய்ச்சிக்கு வசதியும் கிடைத்தது. ஆயினும் நோயாளரைத் தம் பொறுப்பிற் கொண்டு நடத்தும் உரிமை கிடைக்கவில்லை. பலநூறு பேருக்குச் சிகிச்சை செய்த கைகள் வெறும் ஆராய்ச்சிக் குறிப்பெழுதுவதோடு நான்காண்டுகளுக்குமேல் அமைந்திருக்க நேர்ந்தது.

1943-ம் ஆண்டில், ஐரோப்பாக் கரையிற் படையிறக்கும் ஏற்பாடுகள் நடந்து வந்தமையின், முதுகுத் தண்டிற் காயமுறுவோர்க்கெனத் தனி நிலையமொன்று வேண்டுமென பிரிட்டிஷ் அரசாங்கத்தார் கருதினர். அப்பணியைக் குட்மானிடம் ஒப்புவித்தனர். தம் முறைப்படியே யாவற்றையும் நடத்தத் தமக்கு முழு உரிமையும் தரவேண்டுமென்னும் நிபந்தனையோடு அவர் அதனை ஏற்றார். 1944-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ம் நாள், எய்ல்ஸ்பரி நகரை அடுத்த ஸ்டோக் மாண்டவில் மருத்துவச் சாலையில் அந்நிலையம் திறக்கப்பெற்றது.

அக்காலத்தில் முதுகுத் தண்டு அறுபட்டோர் நிலை எத்தகையதென்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். மூளையினின்றும் உடலுக்குச் செல்லும் ஆணைகளும், உடலினின்றும் மூளைக்கு வரும் உணர்ச்சிகளும் அத்தண்டின் வழியே செல்வன. அது மார்பளவில் அறுபடின், அதன் கீழுள்ள உறுப்புக்கள் யாவும் உயிருடனிருந்தும் அவனுக்கு அந்நியமாகின்றன. ஒரே பக்கத்திற் படுத்திருப்பதனால் தோல் நசுங்கி அழுகுவதை அவன் உணரான். சிறுநீர் தேங்குவதையும் உணரான். இவ்விரண்டிலும் நஞ்சு பற்ற, அவன் சின்னாட்களிலோ சின்மாதங்களிலோ இறப்பான். ஆதலின் மருத்துவரும் அவனை மூலையிற் கிடத்தி, நோவு தீர மருந்து கொடுப்பதோடு அமைந்தனர். இவர்கள் நடுவே சென்று வாழ்நாளைக் கழிப்பது புகழுடைய வைத்தியருக்குத் தகாதென்று நண்பர் சிலர் குட்மானுக்கு அறிவுரையும் கூறினர்.

அவர் கையாண்ட முறையில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. நோயாளி ஒவ்வொருவரையும் இரண்டு மணிக்கொருமுறை, இரவு பகல் என்னாது, பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். சிறுநீரை இறக்குங்கால் நஞ்சு பற்றாவண்ணம் தூய்மையைக் கண்டிப்பாய்க் காக்க வேண்டும். இவ்வளவே. ஆனால் இவ்வெளிய செயலைத் தவறாது செய்வித்தல் எளிதாயிருக்கவில்லை. நள்ளிரவில் அவர் திடீரென வார்டுகளில் தோன்றி, குறித்த நேரத்திற் பக்கம் மாற்றப்பட்டதா வென்று பார்ப்பார். சில வேளை தாமே மாற்றிக் கிடத்துவார். தவறு கண்டவிடத்துக் கடுஞ்சினம் கொள்வார். அவரது கண்டிப்பை வெறுத்த ஊழியரும் இருந்தனர், நோயாளரும் இருந்தனர். தாம் கூறியதற்கு மறுமொழி கூறுவாரை அவர் எளிதிற் பொறுப்பவரல்லர். இஃது அவர்பாலிருந்த குறையென்றே நாமும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் அந்நோயாளரே நாளடைவில் அவரைத் தந்தையென்னும் பொருள்படும் செல்லப் பெயரால் அழைக்கத் தலைப்பட்டனர்.

புண்கள் ஆறின; மரணம் விலகியது. அதன்பின் எழுந்ததே பெரிய வினா. பிழைத்தவன் எதற்காகப் பிழைத்தான்? கூரையைப் பார்த்துக்கொண்டு இன்னும் நாற்பதாண்டு கிடப்பதற்காகவோ? குட்மான் இதற்கு உடன்படவில்லை. தம்மிடம் வருவோர் தாமே உழைத்து, பிறரைப்போல் வரி செலுத்தும் குடிமக்களாக வேண்டுமென்பது அவர் நோக்கம். ஆகவே நோயாளர் தச்சு வேலையும் கடிகாரம் செப்பஞ் செய்தலும் பயிலலாயினர். கண்ணாடியின் முன் அமர்ந்து, உணர்ச்சியற்ற தம் உடல் சாயாது நிமிர்ந்திருத்தலைக் கண்ணாற் கண்டு பழகினர்.

ஒரு நாள் நோயாளர் சிலர் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து, கைத்தடியைத் தலைகீழாகப் பற்றி, தரையிற் கிடந்த வில்லை யொன்றை அங்குமிங்கும் அடித்து மகிழ்வதைக் குட்மான் கண்டார். உடனே அவரும் அங்கிருந்த உடற்பயிற்சி ஆசிரியரும் ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்து, வெறுமையாயிருந்த வார்டொன்றில் அவ்வாறே ஆடிப் பார்த்தனர். சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு கோலையும் வீசுவது எத்துணைக் கடினமென்பது அப்போது அவர்க்குப் புலனாயிற்று. இவ்வாறு பிறந்ததே சக்கர நாற்காலிப் போலோ ஆட்டம். ஆனால் அதில் மோதலும் அடியும் மிகுந்தமையால், அதனை விடுத்து வலைப்பந்தாட்டத்தை மேற்கொண்டனர். சில ஆண்டுகளில் கூடைப்பந்தாட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அமெரிக்காவிலும் போரிற் காயமுற்ற வீரர் 1946-ம் ஆண்டு முதலே தம் மருத்துவச் சாலைகளில் நாற்காலியிலிருந்து கூடைப்பந்தாடி வந்தனர்.

இவ்வாட்டத்தில் வைத்தியர் கண்ட பயன் யாதென்பதைச் சிறிது விளக்குவோம். நின்று எறிவோனுக்குப் பந்தைச் செலுத்தும் விசை காலிலே தொடங்குகின்றது. முழங்கால் நிமிர, இடுப்பு நிமிர, தோள் எழ, இறுதியில் மணிக்கட்டு அவ்விசையை முடித்து வைக்கின்றது. நாற்காலியிலிருப்பவனுக்கோ காலின் துணை இல்லை. முழு விசையையும் தோளும் முழங்கையும் மணிக்கட்டுமே தரவேண்டும். அவன் கை தாழ்ந்திருப்பதால் பந்து ஏறவேண்டிய தொலைவும் அதிகம்; ஆகவே அதனை மிகுந்த வேகத்தோடு, மேல்நோக்கிய போக்கில் விடுத்தல் வேண்டும். அன்றியும் பந்தை முன்னே தள்ளுங்கால் உடல் பின்னே சாயும். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் செயலற்றவனுக்கு அச்சாய்வைத் தடுக்க வழியில்லை. அவன் ஒரு கையாற் சக்கரத்தையோ நாற்காலியையோ பற்றிக்கொண்டு மறு கையாலே எறிய வேண்டியவனாகின்றான்.

ஆயினும் இயற்கை அவனுக்கு ஓர் உதவியை விட்டு வைத்திருக்கின்றது. முதுகின் இருபுறமும் விசிறிபோற் பரந்து, இடுப்பெலும்பினின்று தொடங்கி மேற்கையிற் சென்று பொருந்தும் பெருந்தசை ஒன்றுண்டு. அதற்குரிய நரம்பு கழுத்தளவில் முதுகுத் தண்டினின்றும் பிரிகின்றது. ஆதலின் மார்பளவிற் றண்டு அறுபட்டோர்க்கும் அத்தசை உயிர்ப்புடனிருந்து, உணர்வுள்ள மேலுடலையும் உணர்வற்ற கீழுடலையும் பாலம்போல் இணைக்கின்றது. வில்லை வளைக்கும்போதும் பந்தை எறியும்போதும் வலுப்பெறுவது அதுவே. நூறு முறை எறிந்து தொண்ணூறு முறை தவறினும், ஒவ்வொரு எறிதலிலும் உடல் தன் நிலையைத் தானே காத்துக்கொள்ளக் கற்கின்றது. இங்ஙனம் பந்து வளையத்துட் புகுதல் ஆட்டக்காரனுக்கு வெற்றி. புகுமுன்னமே வைத்தியருக்கு வெற்றி.

உடலின் நடுப்பகுதி வலியுடையோர் எறிதலில் மேம்பட்டிருப்பதும், வலியற்றோர் பின்தங்குவதும் இயல்பு. ஆதலின் குட்மான், தண்டு எவ்விடத்தில் அறுபட்டதென்பதைக் கொண்டு ஆட்டக்காரரை வகுத்தார். பிற்காலத்தில் இவ்வகுப்பு முறை மாறி, ஒவ்வொருவருடைய ஆற்றலுக்கும் ஒன்று முதல் நாலரை வரை புள்ளிகள் அளித்து, களத்திலிருக்கும் ஐவரின் கூட்டுத் தொகை பதினான்கிற்கு மேற்படலாகாதென விதிக்கப்பட்டது. இதனால் வலியற்றவனுக்கும் ஒவ்வொரு குழுவிலும் இடமுண்டு. வளையத்தை மட்டும் யாரும் தாழ்த்தினாரில்லை. அது பத்தடி உயரத்திலேயே நிற்கின்றது.

1948-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ம் நாள், லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் பெருஞ்சிறப்போடு தொடங்கின. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில், 14 ஆடவரும் 2 மகளிருமாகப் பதினாறு பேர் சக்கர நாற்காலிகளிலிருந்து வில்லெய்யும் போட்டி நடத்தினர். பத்திரிகைகள் ஒன்றை நோக்கின. குட்மான் மற்றொன்றை நோக்கினார். மறு ஆண்டில் வலைப்பந்தாட்டமும் சேர்ந்தபோது, இப்போட்டிகள் ஒரு காலத்தில் உடற்குறையுடையோரின் ஒலிம்பிக்காக விளங்குமென்று அவர் கூறினார். கேட்டவரிற் சிலரே நம்பினர். 1952-ல் ஹாலந்து வீரர் கடல் கடந்து வந்து கலந்துகொள்ள, போட்டி பன்னாட்டுப் போட்டியாயிற்று. 1960-ம் ஆண்டில் ரோமாபுரியில் ஒலிம்பிக் முடிந்த பின்னர், 23 நாடுகளினின்றும் ஏறத்தாழ 400 வீரர் அந்நகரிற் கூடினர். கூடைப்பந்தாட்டத்தில் இரு பிரிவுகளிலும் அமெரிக்கர் வென்றனர். இதுவே இன்று முதலாவது பாராலிம்பிக் எனக் கணக்கிடப்படுவது. 1964-ல் டோக்கியோவிலும் 1968-ல் டெல் அவீவிலும் இவை தொடர்ந்தன. டெல் அவீவில் மகளிரும் முதன்முறையாகக் கூடைப்பந்தாடினர். நம் இந்திய வீரரும் முதன்முறையாகப் பங்குபெற்றனர்.

1972-ம் ஆண்டுப் போட்டி ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரில் நிகழ்ந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் தம்மையும் தம் குடும்பத்தையும் ஓடச் செய்த நாட்டிலே, பன்னாட்டு வீரர் அணிவகுக்க, குட்மான் அப்பெருவிழாவின் தலைவராய் நின்றார். 1965-ம் ஆண்டுப் போரிற் குண்டடி பட்டுக் கால்கள் செயலிழந்த இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், நீச்சலிற் பொற்பதக்கம் வென்று பாரத நாட்டிற்குப் பெருமை தேடியதும் அங்கேதான்.

அவர் பெற்ற சிறப்புகளை விரித்துரைப்பது எம் கருத்தன்று. 1956-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவினர் அவரது இயக்கத்திற்குப் பியர்ன்லி கிண்ணத்தை வழங்கினர். 1966-ல் பிரிட்டிஷ் அரசியார் அவருக்கு சர் பட்டம் அளித்தார். 1969-ல் ஸ்டோக் மாண்டவிலில் உடற்குறையுடையோர்க்கென அமைந்த விளையாட்டரங்கை அவ்வரசியாரே திறந்து வைத்தார். 1976-ல் இவர் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். அவ்வாண்டிலேயே டொரொன்டோ நகரில் நிகழ்ந்த போட்டியில் பார்வையற்றோரும் உறுப்பிழந்தோரும் சேர்க்கப்பட்டனர். 1980-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ம் நாள், தமது எண்பதாம் வயதில், இப்பெரியார் இவ்வுலக வாழ்வை நீத்தார். 2012-ல் லண்டனில் பாராலிம்பிக் நடந்தபோது, வீரர் தங்கிய ஊரின் தலைவியாக அமர்ந்து அவர்களை வரவேற்றவர், 1939-ல் குழந்தையாய்த் தந்தையின் கைபற்றி இங்கிலாந்தில் வந்திறங்கிய அவருடைய மகளாரே.

இவ்வரலாற்றினின்றும் மாணவராகிய நாம் கொள்ளத்தக்கன பல. ஓர் அரசாங்கம் இவரைப் பயனற்றவரென்று தள்ளியது. வைத்திய உலகம் இவருடைய நோயாளரைப் பயனற்றவரென்று தள்ளியது. தள்ளுண்டவர் தள்ளுண்டவரைத் தழுவிக்கொண்டார். ஆனால் அவர் அவர்கள்மீது சொரிந்தது வெறும் இரக்கமன்று. இரக்கம் மாத்திரம் உடையவர் வளையத்தைத் தாழ்த்தியிருப்பர். அல்லது பந்தைத் தாமே வாங்கி உள்ளே இட்டிருப்பர். இவரோ, இவனால் எறிய முடியும் என்று நம்பி, எறியும் வரை அவனை விடாது நின்றார். அந்நம்பிக்கைக்கு அடித்தளமாயிருந்தது, இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிக் கிடத்திய சலிப்பற்ற உழைப்பு.

நம் கல்லூரியிலும் ஊரிலும் நடக்க இயலாதார், பார்க்க இயலாதார் சிலரை நாம் அறிவோம். ஆட்டக்களத்தின் ஓரத்தில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்திருக்கும் நண்பரொருவரை நாம் எத்தனை முறை கடந்து சென்றிருக்கின்றோம்! அவர்க்கு நாம் கூறத்தக்க ஆறுதல் யாதென்று எண்ணியிருப்போமேயன்றி, அவர் கையிற் பந்தைக் கொடுக்க எண்ணினோமா? 1917-ம் ஆண்டில் இறந்துபட்ட பெயர் தெரியாத அச்சுரங்கத் தொழிலாளி, பதினெட்டு வயது ஊழியனொருவனை ஓயாது உழைக்கச் செய்தான். அவனைப்போல் நம் கண்முன் கிடப்பாரை நாமும் கண்டு, கண்டதை மறவாதிருப்போமாயின், இப்பெரியாரின் வரலாற்றைப் படித்த பயனை ஒருவாறு பெற்றவராவோம்.